பலகையை எடுத்துக்கொண்டு ஓடியவள்

மரக்காணம் உப்பளத்தில் யாரும் யார் கண்ணிலிருந்தும் தப்ப முடியாது. மரம் கிடையாது, மேடு கிடையாது. சதுரம் சதுரமாகப் பாத்திகள், நடுவே முழங்காலுக்கும் எட்டாத வரப்புகள், அவ்வளவுதான். அந்தக் கோடியில் ஒருத்தி தலைமுடியை அள்ளி முடிந்தால் இந்தக் கோடியில் இருப்பவளுக்குத் தெரியும். உப்பு வாருகிற வேலை முழுக்கக் குனிந்து செய்கிற வேலை. அதனால் ஒருவர் நிமிர்ந்தால் போதும், மற்றவர்கள் கண்ணில் உடனே பட்டுவிடும். முன்பெல்லாம் ஒருத்தி நிமிர்ந்தால் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, இல்லாவிட்டால் மேஸ்திரி வருகிறார் என்று அர்த்தம். கடல் வந்து போன பிறகு அது வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தி நிமிர்ந்து கிழக்கே பார்த்தால் பக்கத்துப் பாத்திக்காரியும் நிமிர்ந்து கிழக்கே பார்ப்பாள். அவளைப் பார்த்து அடுத்தவள். கொஞ்ச நேரத்தில் உப்பளம் முழுக்க நிமிர்ந்து நிற்கும். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மறுபடி குனிவார்கள்.

கிழக்கே பார்த்தாலும் கடல் தெரியாது. நீளமாகச் சவுக்குத் தோப்புதான் தெரியும். தோப்புக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் மரங்கள் விட்டுப்போய், வானம் தரைவரை இறங்கியிருக்கும். அதுதான் முகத்துவாரம். கடல் தண்ணீர் அந்த வழியாகத்தான் உப்பங்கழிக்குள் ஏறுகிறது. கழியிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து பெரிய பாத்திக்கும் வருகிறது. பெரிய பாத்தியில் நின்று வெயிலில் சுண்டிய பிறகு அடுத்த பாத்திக்குப் போகிறது. போகப் போகத் தண்ணீர் கனத்து, கடைசிப் பாத்தியில் முதலில் மேலே ஒரு மெல்லிய ஆடை படரும். அந்த ஆடை உடைந்து கீழே இறங்கினால் உப்பு. ஆக, எல்லாருடைய சோறும் அந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே வந்துகொண்டிருந்தது. டிசம்பரில் கடல் வந்ததும் அதே வழியாகத்தான்.

அன்றைக்கு உப்பளத்தில் ஆள் இல்லை. மழைக்காலத்தில் உப்பு கிடையாது. கரையோரக் குப்பங்களில் போனதுபோல உப்பளத்துக்காரர்களில் உயிர் போகவில்லை. ஆனால் மறுநாள் போய்ப் பார்த்தவர்கள் பாத்திகளில் கட்டுமரத் துண்டும் வலையும் ஒரு பள்ளிக்கூடப் பையும் கிடந்ததைப் பார்த்தார்கள். உப்புக் காலத்தில் வந்திருந்தால் என்று ஒருவருக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. அந்தக் கேள்வியோடுதான் தை மாதம் எல்லாரும் பாத்தியில் இறங்கினார்கள்.

சுலோசனாவும் இறங்கினாள். அவள் புருஷன் பஞ்சநாதன் வாய்க்கால் மடைகளைத் திறந்து அடைக்கிறவன். பாத்தித் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்துவதும் அவன் வேலை. அவள் பலகை பிடித்து உப்பு வாருவாள். நீளக் கழியின் நுனியில் அகலமான பலகை பொருத்தியிருக்கும். அதைத் தண்ணீருக்கடியில் அழுத்தி இழுக்க வேண்டும். அதிகம் அழுத்தினால் சேறு வரும், குறைத்து அழுத்தினால் உப்பு தங்கிவிடும். சுலோசனா இழுத்தால் உப்பு வெள்ளையாக வரும் என்று மேஸ்திரி குழந்தைசாமியே சொல்வார். கைக்குழந்தை சதீஷை மேற்குப் பக்கத்துக் கொட்டகையில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலை செய்வாள். மூத்தவள் சத்யப்ரியா எட்டாவது முடித்து லீவில் இருந்தாள்.

அந்த மே மாதம்தான் ஃபர்சானா மிஸ் வந்தாள். ஒரு தொண்டு நிறுவனம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு நாடகமும் பேச்சும் சொல்லித்தர அனுப்பியிருந்தது. கோட்டக்குப்பத்துப் பெண், சின்ன வயசு, ஸ்கூட்டியில் வருவாள். உப்பளத்துப் பிள்ளைகள் பெயரைக் கேட்டால் கால் விரலைப் பார்த்துச் சொல்கிறவர்கள். முதல் வாரம் முழுக்க மிஸ் அவர்களுக்குப் பெயர் சொல்லத்தான் கற்றுக்கொடுத்தாள். யாரிடம் பேசுகிறாயோ அவர் முகத்தைப் பார், மூச்சை வயிற்றிலிருந்து எடு, கடைசி எழுத்தை விழுங்காதே.

சத்யா வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார்த்துக் கத்தினாள்: "என் பெயர் சத்யப்ரியா! நான் உப்பளத்திலிருந்து வருகிறேன்!"

பக்கத்து வீட்டு அம்சவள்ளி தட்டியைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். "இன்னாடி சுலோ, வூட்டுக்குள்ள மைக்கு செட்டு வெச்சிக்கினியா?"

"க்ளாஸு சொல்லித் தராங்களாம் அண்ணி."

"கத்தறதுக்கு ஒரு க்ளாஸா? நான் பிரீயாவே சொல்லித் தருவேனே."

சுலோசனா அன்றைக்குச் சிரித்தாள். பெண் பேசுவதைக் கேட்க அவளுக்குப் பிடித்திருந்தது.

பள்ளிக்கூடக் கூரையின் கீழ் வெக்கை தாங்காமல், மிஸ் காலையில் பிள்ளைகளை உப்பளத்து ஓரத்துக்கு அழைத்துப் போனாள். உப்புக் குவியல்களுக்குப் பக்கத்தில் இறுகிய தரை இருந்தது. அன்றைய பாடம் பேசாமல் சொல்வது.

"ஒருத்தர் எதையோ பாக்கறீங்க," என்றாள் மிஸ். "இல்லாத ஒண்ண. ஆனா இருக்குதுன்னு எல்லாரும் நம்பணும். எப்படி? மொதல்ல கண்ணு போகணும். அப்புறம் மூச்சு நிக்கணும். ஒடம்பு கடைசிதான். ஒடம்ப மொதல்ல ஆட்டினா, சும்மா பண்றான்னு தெரிஞ்சிடும். இன்னொண்ணு. பாக்கறதுக்கு முன்னாடி ஆடியன்ஸ ஒரு லுக்கு விடாதீங்க. அவங்க நம்பறாங்களான்னு செக் பண்ணீங்க, அவ்ளோதான், போச்சு."

பிள்ளைகள் பறந்துபோகிற பலூனைப் பார்த்தார்கள், நாயைப் பார்த்தார்கள். யாரும் நம்பவில்லை. சத்யாவின் முறை வந்தது. என்ன பார்ப்பது என்று மிஸ் சொல்லவில்லை. சத்யா அதிகம் யோசிக்கவுமில்லை. அவளுக்குத் தெரிந்த பார்வை ஒன்றுதான். அவள் கண் கிழக்கே, சவுக்குத் தோப்பின் இடைவெளிக்குப் போனது. மூச்சு நின்றது. பிறகு தோள் மெல்ல ஏறியது. அவளுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகள், விளையாட்டின் விதிப்படி, ஒவ்வொருவராக அதே திசையில் திரும்பி உறைந்தார்கள்.

"சூப்பர்," என்றாள் மிஸ் ரகசியமாக. "இப்ப ஓடுங்க."

பிள்ளைகள் மேற்கே ஓடினார்கள்.

மிஸ் ஊருக்குப் புதியவள். உப்பளம் தன் முதுகுக்குப் பின்னால் நிமிர்ந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. பாத்திகளில் ஒரு சத்தமும் எழவில்லை. "ஐயோ" என்றுகூட யாரும் சொல்லவில்லை. தண்ணீரில் கால்கள் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பெண்கள் வரப்பை விட்டுப் பாத்திக்குள்ளேயே இறங்கி, பூத்த உப்பை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். கூடைகள் உருண்டன. உப்புப் படிகம் கண்ணாடித் துண்டு மாதிரி. பலர் பாதம் கிழிந்தது. மேற்கே ரோட்டில் போய் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, சவுக்குத் தோப்பு அசையாமல் நின்றது. பாதி ஓட்டத்தில் நின்றுவிட்ட பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

"நாடகமாம்!" என்று யாரோ சொன்னார்கள். வசவு கிளம்பியது. வசவோடு சிரிப்பும் கிளம்பியது, உயிர் இருக்கிறது என்கிற சிரிப்பு. அம்சவள்ளி மூச்சிரைக்க ஒவ்வொருவரையும் காட்டிச் சிரித்தாள். ஒருத்தி ஒற்றைச் செருப்போடு வந்திருந்தாள். மேஸ்திரிக்கு வேட்டி இல்லை, டவுசர்தான். பிறகு அம்சவள்ளி சுலோசனாவைப் பார்த்தாள்.

"த பாருங்கடி, சுலோ பலகைய தூக்கினு ஓடியாந்திருக்கா!"

சுலோசனா கையில் உப்பு வாரும் பலகை இருந்தது. அவள் உயரத்துக்கு மேல் நீண்ட கழி. ஓடும்போது எத்தனை இடைஞ்சலாக இருந்திருக்கும்! இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கொட்டகைப் பக்கமிருந்து வரப்பு மேல் சத்யா வந்துகொண்டிருந்தாள். அவள் இடுப்பில் சதீஷ், தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

சுலோசனா அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் ஓடி வந்திருந்தாள். வாசலை ஒட்டி.

அதற்குப் பிறகு அவள் பிள்ளையைத் தூக்கவில்லை. பால் கொடுப்பாள். கொடுத்து முடித்ததும், சூடான பாத்திரத்தைக் கை மாற்றுவதுபோல சத்யாவிடம் நீட்டிவிடுவாள். ராத்திரி பிள்ளையைச் சத்யாவுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுக் கதவோரம் படுத்தாள். வேலைக்குப் போனாள், ஆனால் சதீஷை உப்பளத்துக்குக் கொண்டுவர விடவில்லை.

"எங்கிட்ட உடாத," என்றாள் பஞ்சநாதனிடம். "எம் மேல எனக்கே நம்பிக்க இல்ல."

"இன்னா பேசற நீ? அல்லாரும்தான் ஓடினாங்க."

"அல்லாரும் புள்ளைய உட்டுட்டா ஓடினாங்க?"

"பயத்துல ஒண்ணும் தெரியாது. நானே மடை மேல நின்னுனு இருந்தேன், எப்டி ரோட்டுக்கு வந்தேன்னே தெரியல."

"பலகைய எடுக்கணும்னு தெரிஞ்சிதே? கைக்குத் தெரிஞ்சிதே?"

பஞ்சநாதனின் கோபம் சத்யா பக்கம் திரும்பியது. "நாளையிலேர்ந்து க்ளாஸும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. அந்தப் பொண்ணு வரட்டும், நாலு வார்த்த கேக்கறேன்."

மிஸ் தானாகவே வந்தாள். வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வரத் தயங்கி நின்றாள். பஞ்சநாதன் கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையும், அவள் கண் சிவந்திருந்ததைப் பார்த்ததும் காணாமல் போயின.

"மன்னிச்சிடுங்கக்கா. அந்தப் பக்கம் பாக்கறது இங்க என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சிருக்கணும்."

சுலோசனா அவளைத் திட்டவில்லை. கேழ்வரகுக் கூழைக் கரைத்து, ஒரு துண்டு கருவாட்டோடு முன்னால் வைத்தாள். மிஸ் குடிக்கிறவரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"எம் பொண்ணு எப்டிம்மா அப்டி பாத்தா? நெஜமா வந்தா மாதிரியே இருந்திச்சே."

மிஸ் கண், மூச்சு, உடம்பு என்கிற வரிசையைச் சொன்னாள். சொல்லும்போது அவளையறியாமல் கையால் காட்ட ஆரம்பித்தாள்.

"ஒரே நாள்ல வந்துடுமா அது?"

"இல்லக்கா. அதுக்குத்தான் ஒத்திகை. ஒண்ண திரும்பத் திரும்பப் பண்ணா ஒடம்பு கத்துக்கும். மேடையில பயம் வந்துச்சின்னா மனசு வெள்ளையாயிடும், ஒரு வரி ஞாபகம் வராது. ஆனா கை கால் பழகினத பண்ணிடும்."

"பழகினத பண்ணிடும்," என்று சுலோசனா திருப்பிச் சொன்னாள். தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தாள். பலகைக் கழி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கைகள். நாள் முழுக்கப் பழகியது அதைத்தான்.

மறுநாள் பிள்ளையை உப்பளத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். உச்சி வேளையில் ஆட்கள் கூழ் குடிக்கப் போன பிறகு, தூளியில் அவனைப் போட்டுவிட்டுப் பாத்தியில் இறங்கினாள். "கை தட்டுடி," என்றாள்.

சத்யா கை தட்டினாள். சுலோசனா பலகையைக் கீழே போட்டாள், கொட்டகைக்கு ஓடினாள், பிள்ளையை அள்ளினாள், ரோட்டுக்கு ஓடினாள். திரும்ப வந்து மறுபடி. பலகையை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் சில தடவை, கை தட்டும் சத்தத்துக்கு அவள் விரல்கள் கழியை இன்னும் இறுக்கிப் பிடித்தன. சதீஷுக்கு இது பிடித்துப்போய், அம்மா ஓடிவரும்போதெல்லாம் கையைக் காலை உதைத்துச் சிரித்தான்.

அம்சவள்ளி ஒரு நாள் பார்த்துவிட்டாள். "இன்னாடி இது, ஓட்டப்பந்தயமா? ஒலிம்பிக்குக்கு எதுனா போறியா?" என்று ஆரம்பித்தவள், சுலோசனாவின் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினாள். "நானே வாய வெச்சினு சும்மா இருந்திருக்கலாம் சுலோ. ரோட்டுல அத்தினி பேரு முன்னாடி."

"நீ சொல்லலன்னாலும் பலகை கையிலதான அண்ணி இருந்திச்சி."

ஜூன் வந்து பள்ளிக்கூடம் திறந்தது. மிஸ் வாரம் ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வகுப்பு எடுத்தாள். சத்யா போவதைப் பஞ்சநாதன் தடுக்கவில்லை. ஒரு சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே சுலோசனா சொன்னாள்.

"கை தட்டினா ஓடறேன்டி. ஆனா கை தட்டப் போறேன்னு எனக்குத் தெரியுதே. அது ஓடறதே இல்ல. நீ அன்னிக்கி பாத்த மாதிரி பாரு. சொல்லாம. எப்பன்னு எனக்குத் தெரியக் கூடாது. நான் எங்க ஓடறேன்னு பாக்கணும்."

"வேணாம்மா."

"பாருடி."

"ஒருவேள நீ மறுபடியும்…" சத்யா முடிக்கவில்லை.

"அதத்தான் தெரிஞ்சிக்கணும். தெரியாம புள்ளைய எப்டிப் பக்கத்துல போட்டுனு தூங்குவேன்?"

கட்டளைக்குப் பயந்து சத்யா ஒப்புக்கொண்டாள். ஆனால் இன்னொரு பயம் அதைவிடப் பெரியது. அம்மா பிள்ளையை விட்டுவிட்டு மறுபடி ஓடினால், அதைப் பார்க்கப் போகிறவள் தான் ஒருத்திதான். பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? லீவு நாட்களில் அம்மாவோடு உப்பளத்துக்குப் போவாள். கூடை சுமப்பாள். கழுத்து வலித்து நிமிர்ந்தால்கூட, பாத்தியில் சுலோசனாவின் தோள் விறைப்பதைப் பார்த்து உடனே குனிந்துவிடுவாள். இரண்டு பேருக்கும் வேலை ஓடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்கள் எட்டத்தில் உப்பு குவித்துக்கொண்டிருந்தபோது, துணிந்து பார்த்தாள். கண், மூச்சு, உடம்பு. சுலோசனா நிமிர்ந்தாள், ஒரு அடி எடுத்து வைத்தாள், நின்றுவிட்டாள்.

"பொய்யி," என்றாள்.

"எப்டிம்மா கண்டுபுடிச்ச?"

"அங்க பாக்கறதுக்கு முன்னாடி என்னிய ஒரு பார்வ பாத்த."

அடுத்த வாரமும் அதேதான். எத்தனை கவனமாக இருந்தாலும், கண் கிழக்கே போகிற கணத்துக்கு முன் ஒரு பொட்டு நேரம் அது அம்மாவைத் தொட்டுவிட்டுத்தான் போனது. அம்மா என்ன ஆவாளோ என்று நினைக்கிற கண்ணுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் சனிக்கிழமை. காலையிலிருந்தே காற்று சரியில்லை. பாத்தித் தண்ணீர் சிலிர்த்துக்கொண்டே இருந்ததால் ஆடை படரவில்லை. ஆடை படராவிட்டால் உப்பு இறங்காது என்று மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பஞ்சநாதன் ரோட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போயிருந்தான்.

"கெழக்கால கோடியில மடை ஒழுவுது பாரு," என்றாள் சுலோசனா. "களிமண்ண வெச்சி அடச்சிட்டு வா."

சத்யா வரப்பு வரப்பாக நடந்து கடைசி மடைக்குப் போனாள். ஒரு கை களிமண்ணை அள்ளி, பிசைந்து, ஒழுகுகிற இடத்தில் அப்பினாள். அடிக்கிற காற்றில் ஒரு சத்தம் கேட்டது, தூரத்தில் கதவைச் சாத்துவதுபோல. தலையைத் தூக்கினாள்.

சவுக்குத் தோப்பின் இடைவெளியில் ஒரு வெள்ளைக் கோடு நின்றது. ஒரு முனையிலிருந்து மறு முனைவரை. பார்க்கப் பார்க்கக் கோடு தடித்தது.

எது முதலில் போனது, கண்ணா மூச்சா, அவளுக்குத் தெரியாது. எந்த வரிசையும் இருக்கவில்லை. கத்த வேண்டும் என்று நினைத்தாள். வயிற்றிலிருந்து எடுக்க அங்கே மூச்சே இல்லை. ஓட வேண்டும் என்று நினைத்தாள். கால்கள் களிமண்ணோடு சேர்ந்து இறுகியதுபோல நின்றன. கையிலிருந்த மண் விரலிடுக்கில் வழிந்தது. அம்மா அவள் நினைவிலேயே இல்லை. யாரும் இல்லை. அந்தக் கோடு மட்டும்.

பின்னால் உப்பளம் நிமிர்ந்தது. தண்ணீரில் கால்கள் அடிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தன்னைவிட்டு மேற்கே தூரம் தூரமாகப் போவது அவளுக்குக் கேட்டது. எல்லாரும் போகிறார்கள். தான் மட்டும் இங்கே. கோடு இன்னும் தடித்தது.

பிறகு ஒரு ஜோடிக் கால் சத்தம் மட்டும் நின்றது, திரும்பியது. அது தூரம் போகவில்லை. கிட்டே வந்தது. மூச்சிரைப்பும், நடுவே ஒரு குழந்தையின் அழுகையும்.

அவள் மணிக்கட்டை ஒரு கை பிடித்து இழுத்தது. தோள் கழன்றுவிடும்போல இருந்தது.

"நின்னுனு இன்னாடி பாக்கற? காலு இல்ல ஒனக்கு? ஓடு, ஓடுடி!"

சுலோசனாதான். இடுப்பில் சதீஷ், தலைகீழாகத் தொங்காத குறை. மேற்கே கொட்டகைக்குப் போய்ப் பிள்ளையை எடுத்துக்கொண்டு, ரோட்டுக்குப் போகாமல், அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே கிழக்கே ஓடி வந்திருந்தாள்.

இரண்டு பேரும் வரப்பில் விழுந்து எழுந்து ஓடினார்கள். பாதி உப்பளம் தாண்டிய பிறகுதான் சத்யா திரும்பிப் பார்த்தாள். கோடு அங்கேயே இருந்தது. தடித்து, உடைந்து, மறைந்து, மறுபடி அதே இடத்தில் எழுந்தது. முன்னே வரவில்லை.

முகத்துவாரத்துக்குக் குறுக்கே தண்ணீருக்கடியில் ஒரு மணல் திட்டு உண்டு. மற்ற நாட்களில் அலை அதன்மேல் சத்தமில்லாமல் வழுக்கிப் போகும். அமாவாசையை ஒட்டிக் கடல் ஏறியிருக்கும்போது காற்றும் சேர்ந்துகொண்டால், அலை திட்டின்மேல் எழும்பி உடையும். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைச் சுவர். ஒவ்வோர் ஆடியிலும் நடப்பதுதான். முந்தின ஆடிவரை அதை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"அலைதான்! திட்டுல ஒடயுது!" என்று மேஸ்திரி ரோட்டிலிருந்து கத்தினார். அவர் குரலே நடுங்கியது.

சுலோசனா நின்றாள். ஆனால் கிழக்குக்கு முதுகைக் காட்டவில்லை. இடைவெளியைப் பார்த்தபடியே ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்தாள்.

"இந்தத் தடவ நீ என்னிய பாக்கல," என்றாள், மகளைப் பார்க்காமலே.

சத்யா தலையை ஆட்டினாள். பல் கிட்டித்தது.

"நெஜமா பயந்துட்டியா?"

மறுபடி தலையாட்டல். சுலோசனா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் சரியாக உட்கார வைத்தாள். அவன் அழுகையை நிறுத்திவிட்டு, ஒத்திகையின்போது செய்வதுபோலக் காலை உதைத்தான். அவள் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. சத்யாவின் மணிக்கட்டு வழியாக அந்த நடுக்கம் அவளுக்குள்ளும் ஏறியது.

ரோட்டிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. பஞ்சநாதன் லாரியிலிருந்து குதித்து வரப்பில் ஓடி வந்துகொண்டிருந்தான். சுலோசனா வேலை செய்த பாத்தியில் அவள் பலகை மிதந்துகொண்டிருந்தது. அந்தக் கனத்த தண்ணீரில் எந்த மரமும் முழுகாது. காற்று தள்ளத் தள்ள அது வரப்பில் முட்டிக்கொண்டு நின்றது. முன்னால் வந்த அம்சவள்ளி பாத்தியில் இறங்கி அதை எடுத்தாள், சேலைத் தலைப்பால் கழியைத் துடைத்தாள், கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்தா சுலோ, ஒம் பலக."

சுலோசனா அதைப் பார்த்தாள். ஒரு கையில் சதீஷ் இருந்தான். இன்னொரு கை சத்யாவின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை இன்னும் விடவில்லை. விரல் பட்ட இடமெல்லாம் வெளுத்திருந்தது.

"வெச்சிரு அண்ணி," என்றாள். "கை காலியில்ல."